பட்டிருப்புத் தொகுதிக்கு இப்போது எம்.பி. யார்? எல்லை எங்கே?

கல்லாற்றுக்காற்று எழுதியது:

பெரியகல்லாற்றில் எங்கள் ஒழுங்கையை ஒட்டி ஓடும் வடிகான் மூன்று மாரியாகத் தூர்ந்து கிடக்கிறது. மழை விழுந்தால் வாசற்படி வரை தண்ணீர். போன வருடம் ஓர் அரசியல்வாதிக்குக் கடிதம் அனுப்பினேன், பதில் இல்லை. இந்த முறை அப்பா சொன்னார்: "கண்டவருக்கும் எழுதாதே மகன், நம்முடைய தொகுதி எம்.பி.க்கு எழுது." சரியென்று உட்கார்ந்து, "பட்டிருப்புத் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர் அவர்கட்கு" என்று முதல் வரியையும் எழுதிவிட்டேன். அதற்குக் கீழே பெயர் எழுத வேண்டும். யாருடைய பெயர்?

மட்டக்களப்பு மாவட்டத்துக்கு ஐந்து பேர் என்பது தெரியும். அந்த ஐவரில் பட்டிருப்புக்கு உரியவர் யார்? அப்படி ஒருவரே இல்லை என்றால், தேர்தல் இரவில் வானொலியில் "பட்டிருப்புத் தேர்தல் தொகுதி முடிவுகள்" என்று எதை வாசிக்கிறார்கள்? தொகுதியின் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இடியப்பம் எழுதியது:

வடிகானுக்கு எம்.பி. எதற்கு? உள்ளூர் அலுவலகத்தில் கேட்டீர்களா?

கல்லாற்றுக்காற்று எழுதியது:

கேட்டேன். அது தங்களுடைய வடிகான் இல்லை, இன்னொரு அலுவலகத்தினுடையது என்றார்கள். அங்கே போனேன். முதலில் போன அலுவலகத்தின் பெயரைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். தண்ணீர் மட்டும் என்னுடையதாக இருக்கிறது.

பழுகாமத்தான் எழுதியது:

தம்பி, உங்கள் அப்பா சொல்வது பிழையில்லை, காலம்தான் மாறிவிட்டது. நான் அரசாங்க எழுதுவினைஞனாக இருந்தவன், பல தேர்தல்களில் வாக்கு எண்ணியிருக்கிறேன். பட்டிருப்புக்கென்று ஓர் எம்.பி. கடைசியாகத் தெரிவானது 1977இல், தமிழர் விடுதலைக் கூட்டணியின் பூ. கணேசலிங்கம். 1983இல் தனிநாட்டுக் கோரிக்கைக்கு எதிராகச் சத்தியம் செய்யச் சொன்ன ஆறாவது திருத்தம் வந்தபோது கூட்டணிக்காரர்கள் பாராளுமன்றத்தை விட்டு வெளியேறினார்கள். அடுத்த பொதுத் தேர்தல் 1989இல் வந்தபோது முறையே விகிதாசாரமாக மாறியிருந்தது, அதாவது மாவட்டத்தில் கட்சி பெறும் வாக்குக்கு ஏற்ப ஆசனம். ஆகவே நாற்பது வருடத்துக்கு மேலாக உங்கள் கடிதத்தின் அந்த இரண்டாவது வரி வெறுமையாகத்தான் இருக்கிறது.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு நாட்டை 22 தேர்தல் மாவட்டங்களாக்கியது. பழைய 160 தொகுதிகளும் வாக்களிப்புப் பிரிவுகளாக உள்ளே அடங்கிப்போயின. மட்டக்களப்புத் தேர்தல் மாவட்டத்துக்குள் கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்று மூன்று. வாக்கை இந்தப் பிரிவுப்படி எண்ணுகிறோம், பிரிவுப்படி அறிவிக்கிறார்கள், பிறகு எல்லாவற்றையும் மாவட்டக் கூட்டுத்தொகைக்குள் கொட்டிவிடுகிறார்கள். வானொலியில் நீங்கள் கேட்பது அந்த எண்ணிக்கையைத்தான். ஆசனம் பகிரப்படுவது மாவட்டத்துக்கு.

எல்லையைக் கேட்டீர்கள். இன்றைய கணக்கில் சொன்னால் களுவாஞ்சிகுடி, வெல்லாவெளி, பட்டிப்பளை ஆகிய மூன்று பிரதேச செயலாளர் பிரிவுகள். பழைய பெயரில் மண்முனை தென் எருவில் பற்று, போரதீவுப் பற்று, மண்முனை தென்மேற்கு. கடற்கரையில் நீங்கள் இருக்கிறீர்கள், வாவிக்கு அப்பால் நான் இருக்கிறேன். ஒரே தொகுதி, நடுவில் தண்ணீர்.

இந்தத் தொகுதியின் குணமே அதுதான். மட்டக்களப்பில் பிறந்தவனுக்கு எழுவான்கரை, படுவான்கரை என்றால் விளக்கம் தேவையில்லை. வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: சூரியன் எழும் பக்கத்தில் கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் ஒடுங்கிய மணல்திட்டு எழுவான்கரை. வாவிக்கு மேற்கே, வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. அங்கே மீனும் தென்னையும் உத்தியோகமும், இங்கே நெல்லும் மாடும். பட்டிருப்புப் பாலம் இரண்டையும் தொடுக்கிறது. தெற்கே குருமண்வெளியில் ஏறி மண்டூரில் இறங்கப் பாதை இருக்கிறது. (வீதியைச் சொல்லவில்லை. ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிப்போகும் தெப்பத்துக்கு எங்கள் ஊரில் பாதை என்றுதான் பெயர்.) 1965ஆம் ஆண்டுத் தேர்தலில் என் மாமா அந்தப் பாதையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்குமாகப் போய்வந்தவர். எழுவான்கரை வாக்கு மட்டும் இருந்தால் வெல்ல முடியாது, படுவான்கரை மட்டும் இருந்தாலும் முடியாது. அந்தக் காலத்து எம்.பி. வேண்டியோ வேண்டாமலோ தோணி ஏறியே ஆக வேண்டும்.

கல்லாற்றுக்காற்று எழுதியது:

நன்றி ஐயா. இந்தப் பிரிப்பு எப்போது வந்தது? ஆரம்பத்திலிருந்தே மூன்று தொகுதிதானா?

பழுகாமத்தான் எழுதியது:

இல்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது அரசாங்க சபைக்கு (அன்றைய சட்டசபை) கிழக்கு மாகாணத்திலிருந்து இரண்டே ஆசனங்கள். ஒன்று மட்டக்களப்பு தெற்கு, மற்றது திருகோணமலை–மட்டக்களப்பு. வெருகலுக்கு அப்பாலிருந்து வருபவரும் நம்மவருக்காகப் பேச வேண்டிய நிலை. மட்டக்களப்பு தெற்கில் வென்ற மாக்கான் மாக்கார் அமைச்சரும் ஆனார்.

அதற்குப் பிறகு, சுதந்திரத்தை ஒட்டி வந்த சோல்பரி அரசியலமைப்பு 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்றது. அத்தோடு ஒவ்வோர் ஆயிரம் சதுர மைலுக்கும் இன்னொன்று. ஆள் குறைந்து நிலம் பரந்த கிழக்குக்கு இந்த இரண்டாவது விதிதான் கைகொடுத்தது. எல். எம். டி. டி சில்வா தலைமையிலான எல்லை நிர்ணய ஆணைக்குழு கிழக்குக்கு ஏழு தொகுதிகளை வரைந்தது: திருகோணமலை, மூதூர், கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு, கல்முனை, பொத்துவில். கடைசி ஐந்தும் அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்துக்குள். ஆம், பொத்துவிலும் கல்முனையும் அப்போது மட்டக்களப்புக் கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) கீழ்தான்.

1947இல் கல்குடாவுக்கு நல்லையா மாஸ்டர். 1944இல் அரசாங்க சபையில் சிங்களத்தை ஆட்சிமொழியாக்கும் பிரேரணை வந்தபோது "தமிழும்" என்று திருத்தம் கொண்டுவந்தவர் அவர். பட்டிருப்புக்கு எதிர்மன்னசிங்கம். பிறகு பட்டிருப்பு அவருக்கும் இராசமாணிக்கத்துக்கும் இடையில் கைமாறிய தொகுதி. 1956இல் கிழக்கிலே தமிழரசுக் கட்சி எழுந்த நேரத்தில் அந்தக் கட்சியின் இராசமாணிக்கம் தோற்றார். 1960இலும் 1965இலும் வென்றார். 1970இல் மீண்டும் தோல்வி. கட்சித் தலைவரையே தோற்கடிக்கும் துணிச்சல் எங்கள் தொகுதிக்கு இருந்தது என்று இன்றும் பெருமையாகச் சொல்வேன், அவருக்கு வாக்குப் போட்டவனாக இருந்தாலும். இப்போது பாராளுமன்றத்தில் இருக்கும் சாணக்கியன் அவருடைய பேரன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

துறையடி எழுதியது:

எல்லை பற்றிக் கேட்டால் என்னிடம் கேளுங்கள். நான் துறைநீலாவணை. மட்டக்களப்பு மாவட்டத்தின் தெற்கு முனை, பட்டிருப்புத் தொகுதியின் வால். என் பெரியம்மா வீடு பெரியநீலாவணையில். அது அம்பாறை மாவட்டம், கல்முனைத் தொகுதி. இரண்டு ஊருக்கும் பெயர் ஒன்று, சொந்தம் ஒன்று, திருவிழா ஒன்று. தேர்தல் வந்தால் பெரியம்மா வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் முகங்கள் வேறு, எங்கள் சுவரில் இருக்கும் முகங்கள் வேறு. சிறுவயதில் அவர்கள் வேறு நாடு என்றே நினைத்திருந்தேன்.

அவர்கள் பிறப்புச் சான்றிதழ் பிரச்சினைக்கு அம்பாறைக்குப் போவார்கள். நாங்கள் மட்டக்களப்புக்கு. நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் அக்காவும் தங்கையும் இரண்டு கச்சேரி.

சங்கமன்கண்டி எழுதியது:

துறையடி அண்ணன் வாலைச் சொன்னார். நாங்கள் வெட்டி எடுக்கப்பட்ட உடம்பு. இந்த இழையில் பட்டிருப்பைப் பற்றி ஏக்கத்தோடு பேசுகிறீர்கள். திருக்கோவில், தம்பிலுவில், ஆலையடிவேம்புத் தமிழர்களின் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: முதலில் வந்தது அம்பாறைத் தொகுதி, அதற்குப் பிறகுதான் அம்பாறை மாவட்டம். கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. சேனாநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டது, குடியேற்றங்கள் வந்தன. பத்து வருடத்தில் 1959ஆம் ஆண்டு எல்லை நிர்ணயம் அந்தக் குடியேற்றப் பகுதியைத் தனித் தொகுதியாக வரைந்தது. 1960 மார்ச்சில் அது முதல் எம்.பி.யை அனுப்பியது. 1961 ஏப்ரலில் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பாதி தனி மாவட்டமானது. அந்த மாவட்டத்துக்கு ஆயிரம் வருடமாக மக்கள் வாழ்ந்த கரையோரத்திலிருந்து ஒரு பெயர் கிடைக்கவில்லை, அம்பாறை என்று வைத்தார்கள். 1978க்குப் பிறகு தேர்தல் மாவட்டத்துக்கு அந்தப் பெயரும் போய் திகாமடுல்ல ஆனது. எங்கள் வாக்குச்சீட்டில் இருக்கும் அந்தச் சொல்லை என் அம்மம்மா சாகும்வரை சரியாக உச்சரித்ததில்லை.

கரைவாகான் எழுதியது:

தம்பி சங்கமன்கண்டி, கரையோரம் என்றால் தமிழர் மட்டுமில்லை. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில். மாவட்டத்தில் அதிகம் இருப்பது முஸ்லிம்கள்தான், 2012 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 43க்கு மேல். நாங்களும் அம்பாறைக் கச்சேரிக்குத்தான் அலைகிறோம். கல்முனைக் கரையோர மாவட்டம் வேண்டும் என்று நாங்கள் கேட்பது அதனால்தான். அப்படி ஒன்று வந்தால் தமிழரின் நிலை இன்னும் மோசமாகும் என்று உங்களில் சிலர் எதிர்க்கிறீர்கள், அந்தப் பயத்தையும் நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் கச்சேரி தூரம் என்ற முறைப்பாடு இருவருக்கும் பொது.

தொகுதி வரலாற்றைச் சொல்கிறேன். 1959இல் நிந்தவூர் புதிதாக வந்தது. 1976இல் நோயல் தித்தவெல ஆணைக்குழு அதை எடுத்துவிட்டுச் சம்மாந்துறையைக் கொண்டுவந்தது. பொத்துவிலை இரட்டை அங்கத்தவர் தொகுதியாக்கியது. அதாவது ஒரு தொகுதிக்கு இரண்டு எம்.பி. முஸ்லிமும் தமிழரும் கலந்து வாழ்வதால் ஒருவர் மற்றவரை முழுதாக மூடிவிடக் கூடாது என்ற எண்ணம். அது வேலையும் செய்தது. 1977இல் பொத்துவிலில் முதலாவதாக ஐக்கிய தேசியக் கட்சியின் ஜலால்தீன், இரண்டாவதாகக் கூட்டணியின் கனகரத்தினம். அந்த வருடம் அம்பாறை மாவட்டத்தில் தெரிவான ஐவரில் ஒரே தமிழர் அவர்.

காத்தநகரான் எழுதியது:

இரட்டை அங்கத்தவர் தொகுதி என்றால் மூத்தது எங்கள் மட்டக்களப்புதான் காக்கா. 1947இல் ஒற்றை ஆசனமாக இருந்தபோது சின்னலெப்பை வென்றார், தமிழர் பக்கம் குறைப்பட்டார்கள். 1952இல் கதிராமர், 1956இல் இராசதுரை. இப்போது நாங்கள் குறைப்பட்டோம். காத்தான்குடியும் ஏறாவூரும் ஒரே தொகுதிக்குள் இருந்தும் எங்களுக்கு ஆள் இல்லை. 1959இல் இரண்டு ஆசனமாக்கினார்கள். 1960 தேர்தல்களில் இராசதுரையோடு இன்னொரு மாக்கான் மாக்கார் (1931இல் வென்றவர் அல்ல) வந்தார். வாக்காளருக்கு இரண்டு வாக்கு. என் வாப்பா இதை ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்கு ஒப்பிடுவார்: ஒரே சஹனில் (பெரிய தட்டில்) இரண்டு பேர், ஒருவர் வேகமாகச் சாப்பிட்டால் மற்றவருக்கு எலும்புதான்.

வாவிமகன் எழுதியது:

காத்தநகரான், 1970ஐ விட்டுவிட்டீர்கள். அந்தத் தேர்தலில் மட்டக்களப்பின் இரண்டு ஆசனமும் தமிழருக்கே போயின. முதலாவது ராஜன் செல்வநாயகம், இரண்டாவது இராசதுரை. இரண்டு சமூகத்துக்கும் என்று வரைந்த தொகுதியில் ஒரு சமூகம் வெறுங்கையோடு போனது. எல்லையை எப்படிக் கீறினாலும் வாக்குப் பெட்டி சில நேரம் வேறு கணக்குச் சொல்லும்.

காத்தநகரான் எழுதியது:

விடவில்லை தம்பி, சாப்பாட்டுக் கதையின் எலும்பு அதுதான்! 1977இல் ஏறாவூர் டொக்டர் பரீட் மீராலெப்பை இரண்டாவது ஆளாக வந்து சரிசெய்தார். அதே 1977இல் உங்கள் பக்கத்தில் நடந்ததையும் சொல்லுங்கள்.

வாவிமகன் எழுதியது:

சொல்லித்தானே ஆகவேண்டும். இராசதுரை கூட்டணியின் சூரியன் சின்னத்தில், காசி ஆனந்தன் தமிழரசின் வீட்டுச் சின்னத்தில். ஒரே அணிக்காரர்கள், ஒரே தொகுதி, இரண்டு சின்னம். வீட்டுக்கு வீடு பிளவு. என் அப்பாவும் சித்தப்பாவும் ஆறு மாதம் பேசவில்லை. இராசதுரை வென்றார். இரண்டு வருடத்தில் அரசாங்கத் தரப்புக்குப் போய் அமைச்சரானார். அப்பா, சித்தப்பா இருவருமே அதைப் பற்றிப் பிறகு பேசியதில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பழங்கதை போதும், ஆசனம் எப்படி வருகிறது என்று யாராவது கணக்குப் போட்டீர்களா? 2024 பொதுத் தேர்தலை எடுக்கிறேன். நாடு முழுவதும் பதிவான வாக்காளர் 1,71,40,354. அதை 160ஆல் வகுத்தால் ஓர் ஆசனத்துக்கு ஏறக்குறைய 1,07,127. மட்டக்களப்பில் 4,49,686 பேர். வகுத்தால் 4. திகாமடுல்லவில் 5,55,432 பேர். வகுத்தால் 5.

ஆனால் மட்டக்களப்புக்கு 5 ஆசனம், திகாமடுல்லவுக்கு 7. ஏனென்றால் ஒவ்வொரு மாகாணத்துக்கும் நான்கு ஆசனம் தனியாக உண்டு, ஒன்பது மாகாணத்துக்கும் 36. கிழக்கின் நான்கில் மட்டக்களப்புக்கு ஒன்று, திருகோணமலைக்கு ஒன்று, திகாமடுல்லவுக்கு இரண்டு. 160ம் 36ம் சேர்ந்து 196, தேசியப் பட்டியலின் 29உடன் 225.

இப்போது தலைக்குக் கணக்குப் பாருங்கள். மட்டக்களப்பில் சுமார் 89,900 வாக்காளருக்கு ஒருவர். திகாமடுல்லவில் 79,300 பேருக்கு ஒருவர். சங்கமன்கண்டி வெட்டுப்பட்ட உடம்பு என்றார். ஆசனக் கணக்கில் பார்த்தால் அந்த உடம்புக்குத்தான் சோறு கூட.

சங்கமன்கண்டி எழுதியது:

சோறு கூடத்தான். யாருடைய கோப்பையில் என்று பாருங்கள். 2020இல் ஏழு ஆசனத்தில் தமிழருக்கு ஒன்றுகூட இல்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அதற்கு எல்லை நிர்ணயம் பொறுப்பில்லை. 2020இல் தமிழ் வாக்கு இரண்டு பக்கமாகப் பிரிந்தது: ஒரு பக்கம் தமிழரசு, மறுபக்கம் புலிகளின் முன்னாள் தளபதி கருணாவின் அணி. இரண்டும் சேர்ந்திருந்தால் ஒரு ஆசனம் நிச்சயம். 2024இல் பெரிய பிளவு இல்லை, தமிழரசின் கோடீஸ்வரன் வந்தார். வரைபடம் அதே வரைபடம்தான்.

சங்கமன்கண்டி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், பிரித்தது நாங்கள்தான். ஆனால் பழைய பொத்துவில் இரட்டைத் தொகுதி இருந்திருந்தால் ஒரு பிளவினால் ஐந்து வருடம் ஊமையாக இருந்திருப்போமா என்று கேட்கிறேன்.

வாவிமகன் எழுதியது:

இருந்திருப்பீர்கள். 1970 மட்டக்களப்பை இப்போதுதானே சொன்னேன்.

கரைவாகான் எழுதியது:

விகிதாசாரத்தை எல்லோரும் திட்டுகிறீர்கள். எனக்கு மாற்றுக் கருத்து. பழைய முறையில் சிறுபான்மைக் கட்சி ஒன்று தானாக எழ முடியாது, பெரிய கட்சியின் பட்டியலில் ஒட்டிக்கொள்ள வேண்டும். 1988இல் பதினைந்தாவது திருத்தம் வெட்டுப்புள்ளியை, அதாவது ஆசனம் பெற ஒரு கட்சிக்கு மாவட்டத்தில் வேண்டிய குறைந்தபட்ச வாக்கு வீதத்தை, நூற்றுக்குப் பன்னிரண்டரையிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் மர்ஹூம் அஷ்ரப் பேரம்பேசிப் பெற்றது அது. 1989இல் முஸ்லிம் காங்கிரஸ் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தது அந்த வாசலால்தான். தமிழரசும் இன்று அதே வாசலால்தான் திகாமடுல்லவில் உள்ளே வருகிறது. ஐந்து என்ற அந்த எண்ணை யாராவது உயர்த்த முயன்றால் முதலில் விழுவது நாங்களும் நீங்களும்.

பழுகாமத்தான் எழுதியது:

கரைவாகான் தம்பியின் பேச்சில் நியாயம் இருக்கிறது. விகிதாசாரம் பிரதிநிதித்துவம் தந்தது. எடுத்தது பொறுப்பை. முந்தைய எம்.பி.க்குத் தோணி ஏறி வர வேண்டிய ஊர்கள் எவை என்று கிராமம் கிராமமாகத் தெரியும். இப்போது விருப்பு வாக்குக்காக (கட்சிப் பட்டியலில் விரும்பிய வேட்பாளருக்குப் போடும் வாக்கு) வாகரையிலிருந்து துறைநீலாவணை வரை ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் ஓட வேண்டும். ஓடுபவர் எல்லா ஊருக்கும் வருவார், எந்த ஊரிலும் நிற்கமாட்டார். மூன்று விருப்பு வாக்கு இருப்பதால் சொந்தக் கட்சிக்காரனோடுதான் முதல் சண்டை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்சிகள் இன்னும் "தொகுதி அமைப்பாளர்" என்று நியமிக்கின்றன. பட்டிருப்புக்கு அமைப்பாளர் உண்டு, அவருக்கு அலுவலகமும் வாகனமும் உண்டு. மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் இல்லாத தொகுதிக்குக் கட்சி தெரிவுசெய்த ஆள். இந்த வேடிக்கையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

துறையடி எழுதியது:

ஐயா, கல்வித் திணைக்களத்துக்கும் பட்டிருப்பு உண்டு. பட்டிருப்புக் கல்வி வலயம். ஆனால் கொக்கட்டிச்சோலை அந்த வலயத்தில் இல்லை, மட்டக்களப்பு மேற்கு வலயத்தில். தேர்தலுக்கு ஒரு பட்டிருப்பு, பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு பட்டிருப்பு. களுவாஞ்சிகுடியில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பட்டிருப்பு என்ற பெயர். சின்னக் கிராமத்தின் பெயர் எவ்வளவு தூரம் நீண்டுவிட்டது!

இடியப்பம் எழுதியது:

இதை எல்லாம் வைத்துக்கொண்டு வடிகான் எந்தப் பட்டிருப்பில் இருக்கிறது?

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லை பழையது என்பதையும் கவனியுங்கள். இந்த 160 பிரிவும் 1976இல் கீறியவை. அதற்குப் பிறகு யுத்தம், இடம்பெயர்வு, 2004 சுனாமி, மீள்குடியேற்றம். கரையோரத்தில் ஒரு வீடுகூட மிஞ்சாத இடங்கள் உண்டு, உள்ளே தள்ளிப் புது வீட்டுத்திட்டங்கள் உண்டு. கோடு அசையவில்லை, ஆட்கள் அசைந்துவிட்டார்கள். மாவட்டமாக எண்ணும்வரை இது பெரிதாக உறைக்காது. மீண்டும் தொகுதி முறை வந்தால் அன்று ஒவ்வொரு கிராம சேவகர் பிரிவுக்கும் சண்டை நடக்கும்.

வாவிமகன் எழுதியது:

அந்தச் சண்டையின் முன்னோட்டத்தைப் பார்த்தோமே. மாகாண சபைகளுக்கு 2017இல் தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறை என்று சட்டம் செய்தார்கள். தொகுதி பிரிக்கக் குழு போட்டார்கள். 2018 ஓகஸ்டில் அந்த அறிக்கையைப் பாராளுமன்றமே தோற்கடித்தது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பிறகு ஆளுநர்தான். எல்லை கீறும் வேலை ஒரு தேர்தலையே காணாமல் ஆக்கிவிடும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

சங்கமன்கண்டி எழுதியது:

எங்கள் பக்கத்துப் படத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். திகாமடுல்லவின் ஒரு முனை பாணமைக் காட்டோரம். மறுமுனை தெஹியத்தகண்டி, மகாவலிக் கரை. பொத்துவிலில் கடலுக்குப் போகும் மீனவரும் தெஹியத்தகண்டியில் மகாவலித் தண்ணீரில் விதைப்பவரும் ஒரே வேட்பாளர் பட்டியலில் புள்ளடி போடுகிறார்கள். இருவருக்கும் பொதுவான பஸ்கூட இல்லை.

கரைவாகான் எழுதியது:

இதை உகனைச் சிங்களவர் ஒருவர் வாசித்தால் என்ன சொல்வார் என்று யோசிக்கிறேன். இந்த இழையில் அவர்களில் ஒருவரும் இல்லை, ஆகவே பேசுவது நமக்குச் சுலபம். மகாஓயா, பதியத்தலாவைக்காரர் கேட்கலாம்: "விந்தனைப் பற்று பரம்பரையாக உங்கள் மட்டக்களப்புக் கச்சேரியின் கீழ் இருந்ததே, அப்போது எங்களுக்குக் கச்சேரி எவ்வளவு தூரம்?" அதுவும் உண்மை.

சங்கமன்கண்டி எழுதியது:

சரி காக்கா. அதை நான் யோசிக்கவில்லை.

காத்தநகரான் எழுதியது:

கல்லாற்றுக்காற்று எங்கே? கேள்வி கேட்டவரை வெள்ளம் கொண்டுபோய்விட்டதா?

கல்லாற்றுக்காற்று எழுதியது:

இருக்கிறேன், எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். தன்னுடைய முதல் வாக்கு 1965இல் என்றும், பழுகாமத்தான் ஐயாவின் மாமாவுடைய ஒலிபெருக்கியைத் தானும் கேட்டிருக்கக் கூடும் என்றும் சொன்னார். பட்டிருப்புக்கு எம்.பி. இல்லை என்பதை மட்டும் அவர் நம்பவில்லை. "அப்படியானால் 1989க்குப் பிறகு நான் யாருக்குப் போட்டேன்?" என்று கேட்டார். கட்சிக்கு என்றேன். "கட்சி வடிகான் வெட்டுமா?" என்றார்.

முடிவாக ஒரு கேள்வி. ஐந்து பேரில் யாருக்கு எழுதுவது?

கணக்குப்பிள்ளை எழுதியது:

2024 முடிவின்படி தமிழரசு மூன்று, தேசிய மக்கள் சக்தி ஒன்று, முஸ்லிம் காங்கிரஸ் ஒன்று. தமிழரசு மூன்றிலொரு பங்கு வாக்கோடு ஐந்தில் மூன்றைப் பிடித்தது, அதில் ஒன்று முதலிடக் கட்சிக்குப் போகும் போனஸ் ஆசனம். சட்டப்படி ஐவரும் உங்கள் எம்.பி.தான். ஆளும் கட்சிக்காரர் மாவட்ட அபிவிருத்திக் கூட்டத்தில் கையோங்கியவர், உள்ளூர்க்காரருக்கு உங்கள் ஒழுங்கை தெரிந்திருக்கும். நான் என்றால் ஐவருக்கும் அனுப்புவேன்.

பழுகாமத்தான் எழுதியது:

அனுப்புங்கள். ஆனால் "பட்டிருப்புத் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர்" என்ற முதல் வரியை "மட்டக்களப்பு மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்" என்று மாற்றுங்கள். கிராம சேவகர் பிரிவின் இலக்கத்தையும் போடுங்கள், இல்லாவிட்டால் கடிதம் மூன்று மேசை சுற்றும். படம் பிடித்து இணையுங்கள், மழை நாளில் எடுத்த படமாக இருக்கட்டும்.

கல்லாற்றுக்காற்று எழுதியது:

ஐந்து பிரதி எடுத்துவிட்டேன். அப்பா பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐந்து பேருக்கா? அப்படியானால் ஒவ்வொருவரும் மற்ற நான்கு பேரும் செய்வார்கள் என்று இருந்துவிடுவார்கள்."

இடியப்பம் எழுதியது:

ஆறாவது பிரதியை எனக்கு அனுப்புங்கள். நான் களுவாஞ்சிகுடிதான், மண்வெட்டி இருக்கிறது.

துறையடி எழுதியது:

என்னிடம் தள்ளுவண்டி இருக்கிறது. ஞாயிறு காலை என்றால் வரலாம். பெரியநீலாவணையிலிருந்து என் மச்சானையும் கூட்டி வருகிறேன், மாவட்டம் வேறு என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

கல்லாற்றுக்காற்று எழுதியது:

வாருங்கள். மத்தியானச் சோறு எங்கள் வீட்டில். அப்பா இப்போதே மீனுக்குச் சொல்லிவிட்டார்.